கடைசி இடத்திலிருந்து எழுந்தவர்

புது வெல்லத்தின் வாசனையோடு கோழிக்கூண்டின் வாசனை கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால், அறுப்புப் பண்டிகை போல இருக்கும் என்றுதான் சொல்வேன். கோயமுத்தூரைச் சுற்றியிருந்த தோட்டங்காடுகளிலிருந்து சபையார் சுமந்து வந்த அச்சு வெல்லமும் வாழைத்தாரும் பருத்திப் பொதியும் மஞ்சள் கிழங்கும் ஆலயத்தின் முன்பக்கம் குவிந்து கிடக்க, பெஞ்சுகளின் அடியில் கட்டிப் போட்டிருந்த கோழிகள் நீண்ட ஜெபத்தின் நடுவே தாங்களும் ஏதோ சொல்ல வந்தவைபோலக் கொக்கரிக்க, பிள்ளைகள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவோம். முப்பதுகளின் தொடக்கம் அது. சிறுவாணித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்திருந்த புதிது. மில் சங்கைக் கேட்டுத்தான் ஊர் எழுந்தது, ஊர் உறங்கியது. அப்படி ஒரு பண்டிகை நாளில், ஆலயத்தின் பின்பக்கத்துப் "பொடக்காளி"யில் நான் ஆடிய ஒரு விளையாட்டு எங்கள் குடும்பத்தை அந்த ஊரிலிருந்தே பெயர்த்து எடுத்துப் போட்டது.

என் அப்பா ஞானமுத்து அந்தச் சபையின் போதகர். பிரசங்கத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. பாடவும் வராது. ஆனால் தாராபுரம் வரைக்கும் கிறிஸ்தவர்களிடையே அவர் பெயர் தெரிந்திருந்தது; காரணம் அவருடைய தாழ்மை. எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் செருப்புக் கழற்றிவிடும் இடத்துக்குப் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடி வந்து, "ஏனுங்க ஐயா, இங்கயா உக்கார்றது? முன்னால வாங்க" என்று கெஞ்சுவார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டுமுங்க, நமக்கு இதே சாஸ்திங்க" என்பார். அவர் மறுக்க, இவர்கள் கெஞ்ச, கடைசியில் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போவார்கள். விருந்துக்கு அழைக்கப்பட்டால் கடைசி இடத்தில் போய் உட்காருங்கள் என்று ஆண்டவர் சொன்னதை அச்சடித்தாற்போல வாழ்ந்து காட்டுகிறவர் என்று சபையார் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஏழைகளின் தெருவுக்கு ஜெபத்துக்குப் போனால், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காமல் திரும்பிவிடுவார். அதுவும் தாழ்மையாகவே பேசப்பட்டது.

சபை மூப்பர் சாமுவேல், ஒரு மில்லில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர், ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் அப்பாவைக் காட்டி, "நம்ம ஐயாவாட்ட தாழ்மை இந்தச் சில்லாவுல யாருக்கு இருக்குதுங்க?" என்பார், சொந்தத் தோட்டத்துக் கரும்பைக் காட்டுகிறவர்போல. "தாழ்மையான ஐயாவூட்டுப் புள்ள" என்று எனக்கும் ஓய்வுநாள் பள்ளியில் தனி மரியாதை உண்டு. எங்களுக்கென்று நிலமில்லை, நகையில்லை. எங்களிடம் இருந்த ஒரே ஆஸ்தி அதுதான்.

அந்த அறுப்புப் பண்டிகையன்று ஆராதனை முடிந்து பெரியவர்கள் சாப்பாட்டு வேலையில் இருந்தபோது, பிள்ளைகள் பின்பக்கம் கூடி "கல்யாண ஊடு" விளையாட்டு ஆரம்பித்தோம். ஒருத்தி மணப்பெண், ஒருவன் மூப்பர், ஒருவன் மில் மானேஜர். போதகர் யார் என்று கேள்வி வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பிடித்துத் தள்ளினார்கள். நான் தாவணி மாதிரி போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டேன். அப்பாவைப் போலத் தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொண்டேன். கழற்றிக் கிடந்த செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, குனிந்த தலையை நிமிர்த்தாமல், கண்ணை மட்டும் ஓரமாக முன்பக்கம் ஓட்டி, யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டேன். பிள்ளைகள் "ஓ" என்று கத்திச் சிரித்தார்கள். மூப்பர் வேஷம் போட்டவன் ஓடி வந்து, "ஏனுங்க ஐயா, முன்னால வாங்க" என்று கையைப் பிடித்து இழுக்க, நான் "நமக்கு இதே சாஸ்திங்க" என்று சொல்லிக்கொண்டே எழ, சிரிப்பு இன்னும் பெரிதானது.

திடீரென்று அது நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். சத்தம் கேட்டு வந்த பெரியவர்கள் சிலர் சிரித்த வாயை மூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அப்பா நின்றார்.

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "கண்ணு, இன்னொருக்கா செஞ்சு காட்டு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அது இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்து காட்டினேன். ஒன்றும் விடாமல் அப்படியே செய்தேன்.

"அந்தக் கண்ணை எதுக்குச் சாமி அப்படி ஓரமாக் கொண்டுபோனே?"

"நீங்க அப்படித்தானுங்கப்பா பாப்பீங்க" என்றேன். "யாராச்சும் கூப்பிட வாராங்களான்னு."

குறை சொல்லும் நினைப்பே எனக்கு இல்லை. அப்பாவின் மூக்கு எப்படி, மீசை எப்படி என்று கேட்டால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் விழுந்ததும் அவர் முகத்தில் ரத்தம் வடிந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மனிதர் நின்ற இடத்திலேயே காலியாகிப் போவதை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. எழுந்தவர் கைகழுவும் தொட்டிப் பக்கம் போய், கழுவுவதற்கு ஒன்றுமில்லாத கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். "பெத்த அப்பனை ஊர் சிரிக்க வெச்சுப்போட்டயேடி!" அப்பா அவள் கையை விலக்கிவிட்டு, "புள்ளையை உட்டுப்போடு அம்மணி. அவ கண்ணு நல்லாத்தான் இருக்குது" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் சாப்பிட்டது பாதி, தூங்கியது பாதி. வீட்டுக்குள் ஒரு சாவு விழுந்ததுபோல நடமாடினோம்.

அடுத்த ஞாயிறு பிரசங்க மேடையில் ஏறியவர் வேதத்தைத் திறக்கவில்லை. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தான் இத்தனை காலம் தாழ்மையாக இருந்ததில்லை, தாழ்மையாகத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டதாகச் சொன்னார். கடைசி இடத்தில் உட்காரும்போதெல்லாம் முதல் இடத்துக்கு வழி பார்த்துக்கொண்டே உட்கார்ந்ததாகச் சொன்னார். "என்னை நீங்க மன்னிக்கோணுமுங்க. இந்த அங்கிக்கு நான் லாயக்கில்லீங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்.

போதகர் வேலை போனால் வீடு போகும், குழாய்த் தண்ணீர் போகும், என் பள்ளிக்கூடம் போகும்; எல்லாம் என் ஒரு கண்ணசைப்பால். ஆனால் நடந்தது வேறு. முதலில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு விசும்பல் கேட்டது. பிறகு ஆண்கள் பக்கமும் மூக்கைச் சிந்தினார்கள். சாமுவேல் மூப்பர் எழுந்து, கன்னத்தில் கண்ணீர் ஓட, "இதுக்கு மேல ஒரு தாழ்மை உலகத்துல உண்டுங்களா? இப்படி ஒரு ஐயா எந்தச் சபைக்குக் கிடைப்பாருங்க?" என்றார். ஜனங்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டு அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கிணற்றில் விழுந்தவன் மேலே எட்டிப் பார்க்கிறவர்களைப் பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சமையலறையில் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் நிலைப்படியில் இருந்தேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"அம்மணி, நான் பேசறப்ப எல்லாரும் அழுதாங்களே, அதைக் கேட்டு என்ற நெஞ்சு குளுந்துபோச்சு. பாவத்தை அறிக்கை பண்ணிக்கிட்டு நிக்கறப்பவே குளுந்துச்சு. இன்னும் ரெண்டு பேர் அழுவாங்களான்னு காது கேட்டுக்கிட்டே இருந்துச்சு." அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "அந்த மெச்சற சத்தத்தை எடுத்துப்போட்டா மீதி யாரு இருக்கறான்னே எனக்குத் தெரியல அம்மணி. யாருமே இல்லையோன்னு பயமா இருக்குது."

அம்மா வடிதட்டைப் பிடித்தபடியே நின்றாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும், சபைப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவாள். ஆனால் அன்று வேதத்திலிருந்து ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. எரிச்சல் வந்தவள்போலப் பேசினாள்.

"அப்படீன்னா உங்களைப் பத்திப் பேசறதை உட்டுப்போடுங்க. ஒசத்தியும் பேசாதீங்க, தாழ்த்தியும் பேசாதீங்க. பசிச்சா பசிக்குதுன்னு சொல்லுங்க, காலு வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. உங்களுக்கு எத்தன பசின்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியாதுங்க. கேட்டா, 'போதும் போதும்'னே சொல்லிப் பழகிப்போட்டீங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த திகைப்பு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பிறகு அவர், புதுப் பாஷையில் முதல் வார்த்தை பழகுகிறவர்போல, "பசிக்குது" என்றார். அம்மா வட்டலை வைத்துச் சோறு போட்டாள். மறுபடி போட்டாள். மறுபடியும் கேட்டார். அம்மாவும் நானும் அன்று ரசத்தை மட்டும் குடித்தோம்.

இதற்குப் பிறகுதான் சாமுவேல் மூப்பரின் மகள் கல்யாணம் வந்தது. மூப்பர் தன் மில்லின் பெரிய மனிதர்களையெல்லாம் அழைத்திருந்தார். முன்னால் மெத்தை வைத்த நாற்காலிகள் ஒரு வரிசை. மற்றவர்களுக்குப் பெஞ்சும் ஜமுக்காளமும். அப்பா பீளமேட்டில் படுத்துக் கிடந்த ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார். வாசலில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். செருப்புகளின் பக்கம் இரண்டு பேர் ஏற்கெனவே போய், கையைப் பிடித்து அழைத்து வரத் தயாராக நின்றார்கள். அப்பா செருப்பைக் கழற்றினார். அவர்களைத் தாண்டி நேராக நடந்தார். முன்வரிசை நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்து, சாய்ந்து, காலை நீட்டினார்.

கல்யாண வீட்டின் சத்தம் அப்படியே அடங்கியது. மேளக்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா என் தோளை நகம் பதியப் பிடித்தாள். அப்போது பார்த்து மில் மானேஜர் இன்னொரு விருந்தாளியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்; ஒரு நாற்காலி குறைந்தது. வழக்கமான அப்பாவாக இருந்தால் இந்நேரம் எழுந்து, தோள்துண்டால் நாற்காலியைத் துடைத்தும் கொடுத்திருப்பார். மூப்பர் அதை எதிர்பார்த்தே சிரித்த முகத்தோடு வந்து, "ஐயா, கொஞ்சம்..." என்றார்.

"காலு நெம்ப வலிக்குதுங்க மூப்பரே" என்றார் அப்பா. "இன்னொரு நாற்காலி போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலி வந்தது, விருந்தாளி உட்கார்ந்தார், அப்பா எழுந்து ஜெபம் பண்ண, தாலி கட்டியாயிற்று. யாருக்கும் ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் மூப்பரின் முகத்தில் அறை வாங்கியவனின் நிறம் இருந்தது. பந்தியில் அப்பா கறிக்குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியபோது பரிமாறியவன் கையே நின்றுவிட்டது. வாசலைத் தாண்டுவதற்குள் பேச்சு எங்கள் காதில் விழுந்தது: "ஐயாவுக்கு மண்டைக் கனம் வந்துபோச்சுங்க." "அன்னிக்கு மேடையில சொன்னதெல்லாம் வேசமுங்க." கடைசி இடத்திலிருந்து கையைப் பிடித்துத் தூக்கிவிடும் பாக்கியத்தை அவர்களிடமிருந்து அப்பா பறித்துக்கொண்டார் என்பதும், அவருடைய தாழ்மையில் அவர்களுக்கும் ஒரு பங்கு இருந்தது என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆஸ்தி ஒரே மத்தியானத்தில் போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது. மறுவாரம் ஓய்வுநாள் பள்ளியில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

புகார் மிஷன் பங்களாவுக்குப் போனது. அங்கிருந்த வெள்ளைக்காரப் பாதிரி துரை அப்பாவை அழைத்து விசாரித்தார். நடந்தது உண்மைதான் என்று மட்டும் அப்பா சொன்னாராம்; அதற்கு மேல் தன் பக்கத்து நியாயம் ஒன்றும் எடுத்து வைக்கவில்லையாம். கோபிசெட்டிபாளையத்துக்கு அப்பால் ஒரு சிறு கிராமத்துச் சபைக்கு மாற்றல் வந்தது. குழாயை மூடித் திறந்து மூடித் திறந்து, கடைசியாக ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டு அம்மா அழுதாள். அப்பா அவளுக்கு ஆறுதலாகப் பிரசங்க வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் வெசனமாத்தான் இருக்குது" என்றார்.

அந்தக் கிராமம் நெல்வயலும் வாழைத்தோட்டமுமாகக் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் சபையார் குடியிருந்த தெரு தோட்டங்களுக்கெல்லாம் வெளியே, பொட்டல் மேட்டில் இருந்தது. எல்லோரும் பண்ணையத்துக் கூலிகள். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அவர்கள் கயிறு விடக்கூடாது. வெள்ளைச் சட்டை போட்டவர் யாராவது தெருவுக்குள் வந்தால், அவர் போதகராகவே இருந்தாலும், ஒதுங்கி நிற்பார்கள். முந்தைய போதகர்கள் வந்து ஜெபம் செய்துவிட்டு நின்ற காலோடு போயிருக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், வீடு வீடாகப் பார்த்து வர அப்பா புறப்பட்டபோது நானும் கூடப் போனேன். வெயில் நெற்றியைப் பிளந்தது. தெருக்கோடியில் ஒரு குடிசையின் வாசலில், மார்த்தாள் என்ற பெண்மணி அப்போதுதான் வயலிலிருந்து வந்து, பிள்ளைகளுக்குச் சட்டியிலிருந்து கம்மஞ்சோறு எடுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சட்டியை முந்தானையால் மறைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பா ஜெபம் செய்யப் போகிறார் என்று நான் கண்ணை மூடத் தயாரானேன்.

"அம்மணி, பசிக்குதுங்க" என்றார் அப்பா. "இருந்தா எனக்கும் கொஞ்சம் போடுங்க."

மார்த்தாள் சிலையாகிப் போனாள். பின்னால் யாராவது நிற்கிறார்களா, அவர்களிடம் சொல்கிறாரா என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். "எங்கூட்லீங்களா?" என்றாள் கடைசியில். "எங்கூட்ல நீங்க திங்கறதுங்களா?"

"ஏனுங்க, பத்தாதுங்களா?" என்று கேட்டார் அப்பா.

அவசரமாக உள்ளே ஓடி ஒரு வட்டலைக் கொண்டு வந்து, அதை அலம்பி, மறுபடி அலம்பி, துடைத்து, சோற்றை வைத்து மோர் ஊற்றினாள். அவசரத்தில் மோர் மண்ணிலும் சிந்தியது. அப்பா வாசல் மண்ணில் உட்கார்ந்து சாப்பிட்டார். குனிந்து, வேகமாக, பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே அவர் உடம்பில் எங்கும் இல்லை. தெருவே வந்து கூடிவிட்டது. வட்டல் காலியானதும் நிமிர்ந்து, "வெங்காயம் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அதைக் கேட்டு மார்த்தாள் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

எனக்கு அந்த இடத்தில் வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வேன்? கோயமுத்தூரில் எத்தனை ஏழை வீட்டு வாசல்களில் இதே அப்பா, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்! அந்த வாசல்களில் நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அன்று மண்ணில் உட்கார்ந்து வெங்காயம் கடித்தவர் யார்? எனக்கு அவரைத் தெரியாது. அவர் என் அப்பாதான் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

மறுநாளிலிருந்து, தோட்டத்துப் பண்ணையக்காரர் வீட்டிலிருந்து எங்களுக்கு வந்துகொண்டிருந்த பால் நின்றது. நல்ல தண்ணீர்க் கிணறும் எங்களுக்கு மூடிக்கொண்டது. அம்மா முதலில் அப்பாவை ஏசினாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு மார்த்தாளோடு மேட்டுக்கு அப்பாலிருந்த உப்புக் கிணற்றுக்கு நடந்தாள். அப்பா அங்கேயே இருந்துவிட்டார். கோபம் வந்தால் கோபித்தார், தெரியாததைத் தெரியாது என்றார், யார் வீட்டில் சோறு வெந்தாலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பெரிய பக்தி எழுப்புதல் ஒன்றும் அந்தச் சபையில் உண்டாகவில்லை. அவரை யாரும் புகழ்ந்தும் நான் கேட்கவில்லை. நான் பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு முந்தின மழைக்காலத்தில் விஷக்காய்ச்சல் வந்து அவர் இறந்தபோது, சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்களிடம் அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள் என்று சொன்னார்கள். யாருக்கும் பேசத் தெரியவில்லை. மார்த்தாள்தான், "எங்கூட்ல சோறு கேட்டுத் தின்னவருங்க" என்றாள். தெரு முழுக்க அதையே ஆளுக்கொரு தரம் சொன்னது.

எனக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கோபிக்கு அப்பால் அந்தப் பொட்டல் மேடு இல்லை. அங்கே கல்யாண மண்டபம் ஒன்று நிற்கிறது. உப்புக் கிணற்றைத் தூர்த்து ரோடு போட்டுவிட்டார்கள். மார்த்தாளின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள் என்று கேள்வி. அவர்களுக்கு அந்த மத்தியானம் தெரியுமோ என்னவோ. கோயமுத்தூர் ஆலயத்தையும் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய போதகர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைக்கப் போவதாகவும், ஒவ்வொரு பெயருக்கும் கீழே அவரைப் பற்றி ஒரு வரி வேண்டுமென்றும் சொல்லி, சபையார் என்னை அங்கே வரச் சொன்னார்கள். போனேன். 'ஜெப வீரர்', 'அன்பின் மேய்ப்பர்', 'பக்தி வைராக்கியர்' என்று மற்றவர்களுக்கெல்லாம் வரிகள் தயாராக இருந்தன. கல் வெட்டுகிறவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்கம்மா, உங்க அப்பாவுக்கு என்னங்க போடறது?" என்று கேட்டார். அப்பா எப்படிப்பட்டவர் என்று நான் நின்று நின்று யோசித்தேன்.

"ஒண்ணும் போட வேண்டியதில்லீங்க" என்றேன். "பேரை மட்டும் நல்லா ஆழமா வெட்டுங்க."